மாடி லைன்

என் புருஷனைக் கள்ளன் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே செருப்பைக் கழற்றியிருப்பேன். சொன்னது என் கூடப்பிறந்தவர், பாட்சா காக்கா. எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கேபிள் இழுக்கிற பண்டரிநாத்தும் சோபானும் பக்கத்தில் நிற்க, அவர்களுக்கும் நன்றாகப் புரியட்டும் என்று ஹிந்தியில், “யே ஆத்மி சோர் ஹை” என்று விரலை நீட்டிச் சொன்னார். அந்த ஆத்மி, என் வீட்டுக்காரர் இம்ரான், கையிலிருந்த டீ கிளாஸை மேசையில் வைத்தார், செருப்பை மாட்டினார், போய்விட்டார். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் சுருக்கென்றது. மடியில் கனம் இல்லாதவர் எதற்கு வாயை மூடிக்கொண்டு போகவேண்டும்?

நாங்கள் புனே பக்கத்துத் தளேகாவில் வீடுகளுக்கும் குடோன்களுக்கும் இன்டர்நெட் கொடுக்கிறவர்கள். கடை ஸ்டேஷன் ரோட்டில். காக்காவும் இம்ரானும் கூட்டு. நான் போன் எடுக்கிறவள். மழை பெய்தாலும் திட்டு, வெயில் அடித்தாலும் திட்டு, கிரிக்கெட் நடந்தால் இரண்டு பங்கு திட்டு. மராத்தியிலும் ஹிந்தியிலும் வாங்கி வாங்கி என் காது மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் நெட் முக்கும், முனகும், நின்றுவிடும். காரணத்தைக் கண்டுபிடித்தது இம்ரான்தான். நாம் பார்க்கிற படம், அனுப்புகிற போட்டோ எல்லாம் பொடிப்பொடி பாக்கெட்டாகத்தான் போகும். எங்கள் பழைய ரூட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி, நீ எங்கே போகிறாய் என்று விசாரித்து, வழி பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடினால் திணறாமல் என்ன செய்யும்? இம்ரான் ரூட்டரையும், லைன்களைப் பிரித்து அனுப்புகிற ஸ்விட்ச் பெட்டியையும் சேர்த்துக் கட்டினார். முதலில் வருகிற பாக்கெட்டை மட்டும் ரூட்டர் விசாரிக்கும். அதற்குச் சொன்ன வழியை ஸ்விட்ச் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறதையெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதே வழியில் தள்ளிவிடும். அபார்ட்மெண்ட் சொசைட்டி வாட்ச்மேன் முதல் நாள் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து சலாம் போட்டுக் கேட்டைத் திறப்பான் அல்லவா, அந்த மாதிரி. கேபிள் பழசு, ஃபைபர் பழசு, வேகம் மட்டும் புதுசு. எங்கள் மாப்பிள்ளை மூளைக்குப் புனேயிலேயே ஆள் கிடையாது என்று காக்கா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

ஊரைவிட்டு வெளியே போக எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று கடைக்கு வருகிற ஃபைபர். இன்னொன்று என் வீட்டு மாடியில் இருக்கிற டிஷ். வேறொரு கம்பெனியின் டவரிலிருந்து அது நெட்டை வாங்கும். ரோட்டைத் தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டால் மாடி லைன் கைகொடுக்கும். ஃபைபர் சரியானதும் மாடி லைன் சும்மா இருக்கவேண்டும், அதுதான் ஏற்பாடு. என் வீடு என்று நான் சொன்னது வாய் தவறி அல்ல. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வாப்பா இங்கே வந்து ஃபேன்சி கடை வைத்துப் பிழைத்தபோதும் அந்த வழக்கத்தை விடவில்லை. மாடி லைனும் அதனால்தான் ருக்‌ஷானா என்கிற என் பெயரில் இருக்கிறது. இதையெல்லாம் இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. வீட்டோடு மாப்பிள்ளை, பெண்டாட்டி சோறு தின்கிறவன் என்று பண்டரியும் சோபானும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அந்த இரண்டு பேர் முன்னால் போய்க் காக்கா அந்தச் சொல்லைச் சொன்னாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அவர் சொன்னதற்குக் காரணமும் இருந்தது. பாலத்துப் பக்கம் ஃபைபர் அறுந்து, ஒட்டவைத்து, எல்லாம் சரியாகி நாளான பிறகும் மாடி லைன் ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் காக்கா கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிட்டார். என் மாடிக்கு எதிரே தேஜஸின் ஆபீஸ். தேஜஸ் எங்கள் போட்டிக்காரன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நெட் கொடுக்கிறவன். இம்ரான் அவனோடு நின்று டீ குடித்ததை யாரோ புண்ணியவான் காக்கா காதில் போட்டிருக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, மாடி வழியாக நம் நெட்டை இவன் தேஜஸுக்கு ஊற்றுகிறான் என்று காக்கா முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்கே, என் கண் முன்னால், இம்ரானின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டார். ரூட்டரில் புது வழி எழுதுகிற அதிகாரம் அதுவரை இருவரிடம் இருந்தது. பிறகு காக்காவிடம் மட்டும். என் பாஸ்வேர்டில் யார் எந்த வழியில் போகிறார்கள் என்று பார்க்கலாம், ஸ்விட்சின் ஞாபகத்தை அழிக்கலாம், அவ்வளவுதான். எல்லாம் முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“போலீசுக்குப் போகாம இருக்கேன்னா அது ஒன் மொகத்துக்காகத்தான். தெரிஞ்சுக்கோ.”

வீட்டுக்குப் போனால் இம்ரான் பழுதான மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் பதில் பேசாமல் வந்தீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

“கேள்வி கேட்டாத்தானே பதில் சொல்லலாம்? ஒங்க காக்கா எங்க கேட்டாரு, தீர்ப்புல்ல சொன்னாரு.”

அப்புறம் பொறுமையாக விளக்கினார். ஃபைபர் அறுந்த அன்று ரூட்டர் எல்லோரையும் மாடி வழியாகப் போகச் சொன்னது. ஃபைபர் வந்தபின் புதிதாகக் கிளம்பினவை ஃபைபரில் போயின. ஆனால் குடோன்களில் இருக்கிற கேமராக்கள் நிற்காமல் படம் அனுப்புகிறவை. ஒரு தடவை நின்று மறுபடி தொடங்கினால்தான் ரூட்டர் திரும்ப விசாரிக்கும்; நிற்கவே நிற்காததை எப்போது விசாரிக்கும்? ஸ்விட்ச் பழைய ஞாபகத்திலேயே அவற்றை மாடிக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஃபைபர் சரியானதும் ஞாபகத்தை அழித்திருக்கவேண்டும், மறந்துவிட்டேன், அதுதான் என் தப்பு என்றார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கள்ளத்தனம் செய்கிறவன் சொல்கிற கதையும் கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கும்? என் புத்தி அப்படி. கூடப்பிறந்தவர் பொய் சொல்வாரா, கட்டினவர் பொய் சொல்வாரா என்று இரண்டு பக்கமும் தராசு ஆடிக்கொண்டே இருந்தது. இம்ரான் பகலில் வெளியே போனால், துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் தேஜஸ் ஆபீஸ் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மத்தியானம் சோறு போடும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“அவன் வாசல்ல என்ன வேல ஒங்களுக்கு? அங்க எதுக்குப் போறிய?”

“பகல் முழுக்க ஒரு ஆம்பள எங்க போயி உக்காருவான் ருக்கு? கட இல்லன்னு ஆயிப்போச்சு. வீட்டுல இருந்தா நீ பாக்குற பார்வய என்னால தாங்க முடியல.”

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நம்ப முடியாவிட்டால் நீயே ஞாபகத்தை அழித்துப் பார், நான் சொன்னது நிஜமானால் மாடி லைன் அந்த நிமிஷமே சும்மா ஆகிவிடும் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் காக்கா பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். பண்டரியும் சோபானும் வடாபாவ் தின்னப் போய்விடுவார்கள். கடையில் நான் மட்டும். பிஸ்மி சொல்லி ஸ்விட்சின் ஞாபகத்தை அழித்தேன். ஊர் முழுக்க நெட் ஒரு முறை விக்கியது, மறுபடி ஓடியது. கேமரா, போன், டிவி எல்லாவற்றையும் ரூட்டர் புதிதாக விசாரித்து, ஃபைபர் பக்கம் போ என்று அனுப்பியது. திரையில் மாடி லைனின் கோடு பொத்தென்று கீழே விழுந்து தரையோடு படுத்துக்கொண்டது. தேஜஸும் இல்லை, திருட்டும் இல்லை. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். போன் அடித்தது, எடுக்கவில்லை.

காக்கா தொப்பியோடு வந்ததும் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் முகம் மலரும் என்று நினைத்தேன். நினைத்தவள் முட்டாள். கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

“மாப்ள சொல்லிக் குடுத்துத்தானே செஞ்சே? டிஷ் அவன் தலைக்கு மேல இருக்கு. மாட்டிக்கிட்டோம்னு அவனே நிறுத்தியிருப்பான். கொஞ்ச நாள் போவட்டும், பாப்போம்.”

சந்தேகத்துக்கு மருந்து ஏது? சரி, கொஞ்ச நாள்தானே, பார்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வீட்டில் இம்ரானிடம், காக்கா மனசு இளகிக்கொண்டு வருகிறது என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் மிக்சியைப் பூட்டி முடித்து, ஓடவிட்டுப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த இடைவெளியில் பைபாஸ் பக்கத்தில் ஒரு புது சொசைட்டிக்கு இணைப்புக் கொடுத்தோம். நாலு அடுக்குமாடி, நிறைய வீடுகள். காக்கா பல நாளாகத் துரத்திய வாடிக்கை. சேர்மன் தேங்காய் உடைத்தார், பால் பேடா கொடுத்தார், மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். அந்த மாலை இம்ரான் கழுத்தில் விழவேண்டியது. பேடாவை வாயில் போட்டேன், மண்ணைத் தின்றதுபோல இருந்தது.

மறுவாரம் திரையைப் பார்த்தால் மாடி லைன் முட்ட முட்ட ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபைபருக்கு ஒரு குறையும் இல்லை. காக்காவும் பார்த்தார். சத்தம் போடவில்லை, வருத்தப்படுகிறவர் மாதிரி உச்சுக் கொட்டினார்.

“இதுக்குத்தாம்மா நான் பாப்போம்னு சொன்னது. நாய் வால நிமுத்த முடியுமா?”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இம்ரானைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். உங்களை நம்பி அழித்தேனே, அண்ணன் முன்னால் என்னையும் சேர்த்து மூக்கறுத்துவிட்டீர்களே என்றேன். வாப்பா மவுத்தாகி வீடே அழுதபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை இருந்துவிட்டு, ஒரே ஒரு சங்கதி சொன்னார். மறுபடி அழித்துப் பார். கோடு கீழே விழுந்தால் அது பழைய ஞாபகம். விழுந்த வேகத்தில் எழுந்தால், ரூட்டர் புதிதாக விசாரித்த பிறகும் மாடிக்குத்தான் அனுப்புகிறது என்று அர்த்தம். அப்படியானால் எவரோ அதற்கு அந்த வழியை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஜும்ஆ, மறுபடி நான் தனியே. அழித்தேன். கோடு விழுந்தது. நான் மூச்சை விடுவதற்குள் எழுந்து பழைய உயரத்தில் நின்றது.

அப்போதுதான் புத்தி வந்து, மாடி வழியாகப் போகிறவர்கள் யார் யார் என்று எண்களைப் பார்த்தேன். எங்களிடம் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு வரிசை எண். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறவளே நான்தான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மாடியில் போனது தேஜஸும் இல்லை, குடோனும் இல்லை. அத்தனையும் பைபாஸ் சொசைட்டி. அந்த சொசைட்டி எங்களிடம் வந்ததே இம்ரான் கடையைவிட்டுப் போன பிறகுதான். அவரிடம் பாஸ்வேர்டு இல்லை. என்னுடையதில் வழி எழுத முடியாது. எழுதக்கூடிய கை ஒரே ஒரு கைதான் மிச்சம், அது அந்த நேரம் பள்ளிவாசல் தொழுகையில் தக்பீர் கட்டி நின்றுகொண்டிருந்தது.

காக்கா வந்தார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடித்தார், மறுபடி பிரித்தார். அப்புறம், வேறு யாரோ செய்ததைச் சொல்கிறவர் மாதிரி மெல்லச் சொன்னார். சொசைட்டியை எப்படியாவது பிடிக்கவேண்டும் என்று பிடித்துவிட்டாராம். இருக்கிற ஃபைபர் அத்தனை வீட்டைத் தாங்காதாம். பெரிய ஃபைபருக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம், வருகிறவரை மாடி லைனில் ஓட்டலாம் என்று அவரே வழி எழுதினாராம். குடும்பத்து லைன்தானே என்றார்.

“அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரே எழுதித் தந்திருப்பாரே காக்கா. எதுக்கு இந்தக் கள்ளத்தனம்?”

“கள்ளன்னு சொன்ன வாயால எப்படிம்மா போயிக் கேக்குறது?”

அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரத்தைவிட அசிங்கமாக இருந்தது. கேட்கக் கூச்சம், எடுக்கக் கூச்சம் இல்லை. எடுத்த பழியையும் இம்ரான் தலையிலேயே போடக் கூச்சம் இல்லை. சொன்ன சொல்லை அந்த இரண்டு பேர் முன்னால் திரும்ப எடுங்கள் என்றேன். வேலைக்காரர்கள் முன்னால் தலை குனிந்தால் நாளைக்கு எவன் தன்னை மதிப்பான் என்றார். புது ஃபைபர் வரட்டும், அப்போது இம்ரானைக் கூப்பிட்டுத் தனியாகப் பேசிக்கொள்கிறேன், அதுவரை நீ பொறு என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்து, புர்காவைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறி, டிஷ்ஷுக்குப் போகிற கரண்டை நிறுத்தினேன். என் வீடு, என் பெயரில் இருக்கிற லைன், என் விரல். கீழே வந்து இம்ரானிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சொசைட்டிக்காரர்கள் பாவம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்து அதற்கொரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் எழுந்து போய் முன்வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார். மற்றதில் நான் உட்கார்ந்தேன்.

காக்காவுக்கு வழி எழுதத் தெரியும். மாடி லைன் செத்தால் என்ன செய்வது என்று இன்னொரு வழி சேர்த்து எழுதத் தெரியாது. சொசைட்டி முழுக்க நெட் போய்விட்டது. மழைக்காற்றில் டிஷ் சாய்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார் போல. கொஞ்ச நேரத்தில் பண்டரியையும் சோபானையும் ஏணியோடு கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து வாசல்படியில் நின்றேன். ஏணிக்கு வேலை இல்லை, நான்தான் நிறுத்தினேன் என்று இருவருக்கும் கேட்கும்படி ஹிந்தியிலேயே சொன்னேன். பண்டரி ஏணியைச் சுவரில் சாய்க்கப் போனவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். காக்கா என்னைத் தாண்டி இம்ரானைப் பார்த்தார். முகம் சிவந்து, அப்புறம் வெளுத்துப்போனது. போனை எடுத்துப் பார்த்தார், சேர்மன். அணைத்தார். அது திரும்ப அடித்தது. கடைசியில் தமிழில், தொண்டைக்குள்ளேயே சொன்னார்.

“மாப்ள, நான் தப்பாப் பேசிட்டேன். நீ ஒண்ணும் எடுக்கல. மனசுல வச்சுக்காதே.”

இம்ரான் கண்ணில் தண்ணீர் நின்றது. பாவம், அந்த மனுஷன் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். நான் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினேன்.

“இவங்க ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியாது காக்கா.”

காக்கா என்னைப் பார்த்த பார்வையில் சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன காக்கா இல்லை. நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அவர் பண்டரி பக்கம் திரும்பினார், சோபான் பக்கம் திரும்பினார். இம்ரான் பாய் எதையும் திருடவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார்.

சோபான் தலையைக் குனிந்துகொண்டான். பண்டரிக்கு வயது ஆனாலும் கள்ளங்கபடம் கிடையாது, மனசில் தோன்றியதை அப்படியே கேட்கிற ஆள். ஏணியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, “தோ ஃபிர் சோரி கிஸ்னே கீ, சேட்?” என்றார். அப்படியானால் திருடியது யார், முதலாளி என்று.

காக்கா, நீயாவது ஏதாவது சொல்லிச் சமாளியேன் என்பதுபோல என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த நேரம் பார்த்து ஹிந்தி வரவில்லை.